ஒரிஜினல் சாமான்

முதலில் வந்தவன் நோர்வூட் பொடியன்.
ஏன் விக்கிறீங்க என்றான்.
முதுகுவலி என்றேன்.
அடுத்து பூண்டுலோயா தரகர்.
அவருக்கு, மூன்றாவதும் பிறந்துவிட்டது,
ஒரு சீட்டில் ஐந்து பேர் எப்படி என்றேன்.
வெலிமடையிலிருந்து மழையோடு லிந்துலைக்கு வந்த இந்துனில்
எதுவுமே கேட்கவில்லை.
அவனிடம் நானாகவே சொன்னேன், காசு தேவை.
மூன்றும் உண்மைதான்.

கோழிக்கூட்டை ஒட்டிய தகரச் சாய்ப்பில்
தார்ப்பாயை இழுத்தேன்.
மயில்நீல டேங்க்.
தோளுக்கு மேலே கொம்பு தூக்கிய ஹேண்டில்.
ஹட்டன் நியாஸ் நானா நீட்டித் தந்த முன்ஃபோர்க்.
வெட்டிக் குட்டையாக்கிய சைலன்சர்.
அதை மாட்டி முதன்முதல் ஸ்டார்ட் பண்ணிய அன்று
பிள்ளைக்காம்பராவில் பதினொரு குழந்தைகள் ஒன்றாய் விழித்து
ஆயம்மா விளக்குமாற்றோடு ரோட்டுக்கே வந்துவிட்டாள்.
எல்லாம் சேர்த்துத்தான் ஆறரை என்றிருந்தேன்.

அவன் குந்தினான்.
போன் வெளிச்சத்தில் செஸி நம்பர் படித்தான்.
ஸ்போக் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டு போனான்,
ஒன்று மட்டும் மொட்டையாய் ஒலித்தது.
என்னைப் பார்த்துச் சிரித்தான்.
புத்தகத்தைத் திறந்தான்.
"கறுப்பு எண்டு இருக்கு."
ஆமாம்.
"பொலிஸ்?"
ரம்பொடை வளைவில் இரண்டு தடவை தண்டம்.
நானுஓயாவில் ஒரு சார்ஜன்ட்
ஹேண்டிலைப் பிடித்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு
போ என்றுவிட்டார்.

பிறகுதான் கேட்டான்,
"ஒரிஜினல் பார்ட்ஸ் தியெனவத?"
இருந்தால் ஐந்தேகால். இல்லையென்றால் நாலரை.
நான் சேர்த்த ஒவ்வொன்றும் அவன் கணக்கில் கழித்தல்.
எட்டு வருடம்
கூட்டிக்கூட்டிக் குறைத்திருக்கிறேன்.

இருக்கு என்றேன்.
எங்கே இருக்கிறதென்று அப்புறம் யோசித்தேன்.

பழைய சைலன்சர் கூரைமேல்,
காற்றில் தகரம் எழும்பாமல் இருக்கப் பாரம்.
ஏறி இறக்கினேன்,
உள்ளே குளவி மண்வைத்துக் குடியிருந்தது.
பின் மட்கார்ட் யோகமலர் அக்காவின் லீக்ஸ் பாத்தியில்
தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல் பிடுங்கித் தந்தாள்,
அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்தாள்.
சீட்டுக்குத்தான் பெனடிக்டா தயங்கினாள்.
அடுப்படியில் அதில் உட்கார்ந்துதான்
மூத்தவனுக்கும் நடுவிலானுக்கும் பால் கொடுத்தாள்,
கைக்குழந்தைக்கு இப்போதும்.
"அதுக்கு மட்டும் எவ்வளவு?"
இருபதாயிரம் என்று
வாயில் வந்ததைச் சொன்னேன்.
எழுந்தாள்.
ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து நீட்டினாள்.

இண்டிகேட்டர் இரண்டும் நடுவிலானின்
அட்டைப்பெட்டி ரோபோவுக்குக் கண்.
அவன் ரோபோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
கட்டிலுக்குக் கீழே போய்விட்டான்.
இந்துனில் குனிந்து பார்த்தான், ரோபோவும் அவனைப் பார்த்தது.
ஜோடிக் கண்ணுக்கு மூவாயிரம் கழித்தான்.

ஹேண்டில்?
கொடிக்கயிற்றின் ஒரு முனை கொய்யா மரத்தில்,
மறுமுனை
சுவரில் நான் செருகிவைத்திருந்த அதே ஹேண்டிலில்.
காயாத யூனிபோர்மை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு
முடிச்சை அவிழ்த்தேன்.
சீமெந்தோடு பெயர்ந்து வந்தது.

ஒரிஜினல் எல்லாம் உரச்சாக்கில் கட்டினோம்.
மேசையில்லை, டேங்கின் மேலேயே படிவம் வைத்துக் கையெழுத்து.
அவன் எண்ணினான், நான் எண்ணினேன், பெனடிக்டா எண்ணினாள்.
ஐயாயிரம் தாள் ஒன்று கூட இருந்தது.
அவள்தான் திருப்பிக் கொடுத்தாள்.
அவனுக்கு வெட்கமாய்ப் போய்விட்டது,
மழைக்கோட்டைத் தலைகீழாய் மாட்டிக்கொண்டான்.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது
ஒரு மூச்சு பொறுக்கவேண்டும்.
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.
பாலத்தடி வளைவில் கியர் நறநறத்தது.
அடுத்த வளைவிலும்.
அதற்கடுத்ததில் சத்தமில்லை,
மூடுபனிக்குள் மூன்றாவது மெதுவாக விழுந்தது.

சாய்ப்புத் தரையில் ஒயில் வட்டம்.
ஐந்து லட்சத்து இருபத்தீராயிரம் உள்ளே, அரிசி வாளிக்குள்.
நான் இன்னும் வாசலில்,
தோளில் ஈர யூனிபோர்ம்,
கையில் கயிற்றின் ஒரு முனை.
நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.
இதை எதில் கட்டுவது?